விட்டு விட்டு வரும் வைஃபை: குறை லேப்டாப்பிலா, லைனிலா?

கேள்வி: மகள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். அவளுக்காக மூன்று மாதம் முன்பு புதுச்சேரியில் ஒரு கடையில் 11 அங்குல சின்ன லேப்டாப் வாங்கினோம். 24,000 ரூபாய். வீட்டில் வைஃபை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்து போகிறது. ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அதே அறையில் என் போன் நன்றாக ஓடுகிறது. கடைக்காரர் 'உங்க நெட்தான் சரியில்லை' என்கிறார். நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரோ 'லேப்டாப்பைப் பாருங்க' என்கிறார். தம்பி மகன் 2,500 ரூபாய்க்கு, சிக்னலை நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டச் சொல்கிறான். வாங்கலாமா? லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா? எங்கள் வீடு பாடலீஸ்வரர் கோயில் பக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடு.
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: எக்ஸ்டெண்டரை இப்போது வாங்காதீர்கள், அம்மா. குறை எங்கே என்று தெரியாமல் செலவழிக்கும் பணம் அது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினால் நடுவில் அலைவது நீங்கள்தான். யார் சொல்வது சரி என்பதை உங்கள் வீட்டிலேயே ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் 'போன் நன்றாக ஓடுகிறது' என்பதைச் சரிபாருங்கள். வைஃபை சொதப்பினால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். அப்போதும் தடங்கல் இல்லை என்றால்தான் அந்தச் சாட்சி செல்லும்.

அடுத்து, லேப்டாப்பை ரவுட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோய், ஆறேழு அடி தூரத்தில் வைத்து ஒரு மணி நேரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். அங்கே அறுந்து போகாமல் ஓடி, மகளின் அறையில் மட்டும் அறுந்தால் அது சிக்னல் எட்டாத பிரச்சினை. ரவுட்டர் பக்கத்திலேயே அறுந்தால் உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் அதே மாதிரி இணைப்பே துண்டானால் சந்தேகமே வேண்டாம், குறை லேப்டாப்பில்தான். அந்த நேரத்தை வேறொரு போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

லைன் மேல் சந்தேகம் இருந்தால் அதற்கும் ஒரு சோதனை உண்டு. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையைத் திறந்து, ping என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். கடைசியில் ஓர் இடம் விட்டு மைனஸ் குறியும் t எழுத்தும் (-t) சேர்த்தால் நாம் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நெட் நின்ற நொடியிலும் ரவுட்டரிடமிருந்து பதில் ஒழுங்காக வந்தால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே கோளாறு இல்லை. வெளியே இருந்து வரும் லைனில்தான் பிரச்சினை. ரவுட்டரின் பதிலே நின்று 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால் கோளாறு வீட்டுக்குள்ளேதான்.

லேப்டாப்தான் என்று தெரிந்தாலும் உடனே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். விலை குறைந்த சின்ன லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபைக்கு ஒரே ஒரு ஆண்டெனாதான் இருக்கும். ப்ளூடூத்தும் வழக்கமாக அதே வைஃபை கார்டில்தான் ஓடும். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போனால் ஒன்றை ஒன்று இடிக்கும். உங்கள் மகள் வகுப்பைக் கவனிக்கக் காதில் மாட்டுவது ப்ளூடூத் இயர்போனா? ஒரு நாள் ஒயர் இயர்போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் நான் பார்த்த வீடுகளில் பாதித் தொல்லை இங்கேதான் இருந்தது. யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க், ஹப் போன்றவை பக்கத்தில் இருந்தாலும் 2.4-ல் இரைச்சல் சேரும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது.

அப்புறம் மின்சேமிப்பு. பத்துப் பதினைந்து நிமிடம் என்று ஓரளவு ஒழுங்காக அறுகிறது என்கிறீர்களே, சார்ஜரில் இருக்கும்போதும் அறுகிறதா, பேட்டரியில் மட்டுமா? பேட்டரியில் மட்டும் என்றால் விண்டோஸ் வைஃபை கார்டைத் தூங்க வைக்கிறது என்று அர்த்தம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற பகுதியில் வைஃபை பெயரை இரண்டு தட்டுத் தட்டினால் பவர் மேனேஜ்மென்ட் என்ற டேப் வரும். மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற வரியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது மாடல்களில் அந்த டேப்பே இருக்காது. அவற்றில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள்.

ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் அதையும் பிரியுங்கள். ஒரே பெயராக இருக்கும்போது சின்ன லேப்டாப் இதற்கும் அதற்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு அறுப்பு. தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை ஒன்றில் மட்டும் நிறுத்துங்கள். உங்களுடையது போன்ற ஒட்டு வீட்டில் அக்கம் பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4-ல் முட்டி மோதும். அதில் ஒன்றோடொன்று மேலே விழாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தடங்கள், 1, 6, 11 என்று மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் தடிமனான சுவரைத் தாண்டத் திணறும். ரவுட்டர் பக்கத்து அறையில் இருந்தால் 5, இரண்டு சுவர் தள்ளி இருந்தால் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம்.

முத்தியால்பேட்டையில் என் வீடும் பழைய வீடுதான். செங்கல்லும் சுண்ணாம்புமாக முக்கால் முழச் சுவர். லைன் போட வந்தவர் ரவுட்டரைப் பீரோ மேலே வைத்துவிட்டுப் போனார். நான்கு மாதம் பின்கட்டில் நெட்டே கிடையாது. இரும்புப் பீரோ சிக்னலை மறைக்கிறது என்று புரிந்த பிறகு, முற்றத்தைப் பார்த்த சுவரில் தலை உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். ஒரு பைசா செலவில்லை. உங்கள் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பீரோ, டிவி, மீன் தொட்டி இவற்றுக்குப் பின்னால் இருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிக்னல் எட்டவில்லை என்றால் மட்டும் வேறு கருவி. அப்போதும் நான் எக்ஸ்டெண்டரைச் சொல்ல மாட்டேன். விலை குறைந்த எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரவுட்டரிலிருந்து மகளின் அறைக்கு ஒரு லான் கேபிள் இழுத்து, யுஎஸ்பி லான் அடாப்டர் வழியாக லேப்டாப்பில் சொருகிவிட்டால் வகுப்பு நேரத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. எந்த ரவுட்டரையும்விட நம்பத் தகுந்தது ஒயர்தான்.

சரி, ஹாட்ஸ்பாட்டிலும் அறுந்து, மேலே சொன்ன எதற்கும் அடங்கவில்லை என்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளை) இறக்கிப் போட்டுப் பாருங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் வேறு தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். அதிலும் சரியாகவில்லை என்றால் வாரண்டிக்குப் போங்கள். அதற்கு முன் யாரையும் லேப்டாப்பைத் திறக்க விடாதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு 'குறை ஏதும் இல்லை' என்று திருப்பிக் கொடுப்பது வழக்கமாக நடப்பது. அதனால்தான் வீடியோ எடுக்கச் சொன்னேன். இன்னொரு சாட்சியும் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, netsh wlan show wlanreport என்ற கமாண்டை அடித்தால், கடந்த மூன்று நாளில் எத்தனை மணிக்கு எந்தக் காரணத்தால் வைஃபை அறுந்தது என்று விண்டோஸே ஒரு அறிக்கை எழுதித் தரும். அதை பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோங்கள். லேப்டாப்பை வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் எழுதும் ஜாப் ஷீட்டில் 'ஹாட்ஸ்பாட்டிலும் இணைப்பு துண்டாகிறது' என்று எழுதச் சொல்லி, தேதியோடு நகல் வாங்குங்கள். போனில் பேசியதையும் அன்றே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். மகளின் பாடக் குறிப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் லேப்டாப்பைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று தடவை கொடுத்தும் சரியாகவில்லை என்றால் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ எழுத்தில் கேளுங்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, ஆனாலும் வாரண்டி காலத்தில் குறையைச் சரிசெய்யாமல் இழுத்தடிப்பது குறித்துப் புகார் செய்ய உரிமை உண்டு. முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கே அலைய வேண்டுமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். பழைய சட்டத்தில் விற்றவர் இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். கடலூர் ஆணையத்திலேயே மனு கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கால வரம்பு 2 வருடம்.

ஒரு காலத்தில் புதுச்சேரியில் வரி குறைவு என்று கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து சாமான் வாங்குவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு இரு ஊரிலும் 18 சதவீதம்தான். அடுத்த தடவை சர்வீஸ் சென்டர் எது பக்கம் என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து வருடப் பழைய சின்ன லேப்டாப். திடீரென்று வைஃபை என்ற அடையாளமே திரையில் இல்லை. பழுது பார்ப்பவர் போர்டு மாற்ற 7,500 ரூபாய் கேட்கிறார். வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி.
- ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். மாட்டிக்கொண்ட வைஃபை கார்டு பல தடவை இதிலேயே எழுந்துவிடும். வரவில்லை என்றால், உங்கள் மாடலில் கார்டு தனியாகக் கழற்றக் கூடியதா என்று கேளுங்கள். கழற்றலாம் என்றால் உப்புக் காற்றில் அதன் முனைகளும் ஆண்டெனா ஒயர் சொருகும் இடமும் பூத்துப் போயிருக்கலாம். கழற்றித் துடைத்துச் சரியாகச் சொருகினாலே சில சமயம் சரியாகிவிடும். போர்டோடு பற்றவைத்த கார்டு என்றால் இரட்டை அலைவரிசை யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று போதும். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-க்கு ஏறாது என்றால் அதில் ஆயிரத்துக்கு மேல் போடுவது வீண்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். சின்ன லேப்டாப்பில் 40-தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
- ஒரு மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அநேகமாக இல்லை. ஒரே ஆண்டெனாவோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 4 என்ற பழைய தலைமுறை இணைப்பு எட்டக்கூடிய உச்சமே 72 எம்பிபிஎஸ்தான். அதில் கைக்கு வருவது நாற்பது, ஐம்பது. அதே ஒரு ஆண்டெனா 5 கிகாஹெர்ட்ஸில் அடுத்த தலைமுறையான வைஃபை 5 என்றால் 433 வரை போகும். உங்கள் லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றி, ரவுட்டர் பக்கத்தில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். லான் கேபிளில் போட்டும் 40-தான் வந்தால் அப்போது நிறுவனத்திடம் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தீர்க்கவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு சேவைப் புகார்களை அந்த ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.