த்ராட்டிலைத் திறந்ததும் நின்றுபோகும் எஞ்சின்: ஊசியா, டயாஃப்ரமா?

கேள்வி: என் மாதிரி விமானத்தில் 20 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ளது. ஓராண்டு வீட்டில் சும்மா கிடந்த பிறகு இயக்கினால் ஐட்லிங் (மிகக் குறைந்த வேக ஓட்டம்) சீராக இருக்கிறது. ஆனால், வேகத்தைக் கூட்ட த்ராட்டிலைச் சட்டென்று திறந்ததும் புகையில்லாமல் விக்கி நின்றுவிடுகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எச் ஊசியை எவ்வளவு திருகியும் பலனில்லை. நம் ஊர் வெயில் காரணமாக இருக்குமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: வெயிலைக் குறை சொல்ல வேண்டாம். சூடான, ஈரப்பதம் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்தது என்பதால், அது கலவையில் பெட்ரோலின் பங்கைச் சற்றுக் கூட்டுமே தவிரக் குறைக்காது. புகையின்றி எஞ்சின் சட்டென்று அணைவதோ பெட்ரோல் போதாததன் அடையாளம். பெட்ரோல் மிகுந்திருந்தால் அது குமுறிக்கொண்டு, புகை கக்கியபடி, தயங்கித் தயங்கி வேகமெடுக்கும்.

நீங்கள் திருகும் ஊசிக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு குறைவு. வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரில் சோக் தகட்டின் (எஞ்சினைக் கிளப்பும்போது காற்றை அடைக்கும் தகடு) பக்கமுள்ள எச் ஊசி முழு வேகத்துக்கு உரியது. ஐட்லிங்கையும், அதிலிருந்து வேகமெடுக்கும் முதல் கணத்தையும் பார்த்துக்கொள்வது எஞ்சினை ஒட்டியுள்ள எல் ஊசி. எல் வழியே வரும் பெட்ரோல் முழு வேகத்திலும் வந்துகொண்டிருப்பதால், முதலில் எல், அடுத்து எச், பிறகு மீண்டும் எல் என்ற வரிசையில்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு ஊசிகளையும் மெதுவாக, அழுத்தாமல் மூடிவிட்டு, கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால், ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, விமானத்தை ஒருவர் பிடித்திருக்க, நீங்கள் ப்ரொப்பெல்லருக்குப் பின்பக்கமிருந்து எல் ஊசியை அரைக்கால் சுற்றுக்கு மேற்படாமல் இடப்புறமாகத் திருப்பி, த்ராட்டிலைத் திறந்து பாருங்கள். விக்கல் நீங்கியதும் முழு வேகத்தில் எச் ஊசியைச் சிறிது சிறிதாக மூடி உச்ச ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கண்டுபிடித்து, அதிலிருந்து 200 அல்லது 300 குறையும் வரை திறந்துவிடுங்கள். உச்சத்திலேயே விட்டுவைப்பது தவறு. வானில் ப்ரொப்பெல்லரின் சுமை குறைந்து எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழலும்போது அதற்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும். அனுமதியின்றி கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் பறக்கவிட முடியாத சிங்கப்பூரில், பெட்ரோல் போதாமல் எஞ்சின் நின்றால் சறுக்கி வந்து இறங்குவதற்கான உயரம் அதிகம் கிடைப்பதில்லை.

ஆனால், ஓராண்டு சும்மா கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். கார்புரேட்டருக்குள் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பழுப்புநிறப் பிசினை விட்டுச் செல்லும். பெட்ரோலை இழுக்கும் பம்ப் டயாஃப்ரமும், அளந்துவிடும் மீட்டரிங் டயாஃப்ரமும் மெல்லிய சவ்வுகள்; அவை விறைத்துப்போகும். மேல்மூடியைக் கழற்றி, உள்ளேயுள்ள சிறு சல்லடையில் பிசின் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டயாஃப்ரத்தை விரலால் மெல்ல வளைக்கும்போது அது துவளாமல் காகிதம்போல் சரசரத்தால், எந்த ஊசியைத் திருகியும் பயனில்லை. உங்கள் கார்புரேட்டரின் மாடல் எண்ணுக்குரிய பழுதுபார்ப்புத் தொகுப்பை வாங்கி மாற்றிவிடுங்கள். பிரிக்கும்போதே ஒவ்வோர் அடுக்கையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) டயாஃப்ரமும் வரிசை மாறினால் எஞ்சின் கிளம்பாமலே போகலாம். தொட்டிக்குள் இருக்கும் ஃபெல்ட் வடிகட்டியையும் குழாயையும் அப்போதே மாற்றுவது நல்லது. மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சினுக்குப் பயன்படும் சிலிக்கோன் குழாய் பெட்ரோலில் ஊதிப்போகும் என்பதால் அது இங்கே உதவாது.

இத்தனைக்குப் பிறகும் எல் ஊசியை இரண்டு சுற்றுக்கு மேல் திறந்தால்தான் ஓடுகிறது என்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள கேஸ்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். அங்கே காற்றுக் கசிந்தாலும், கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை) அழுத்தத்தைப் பம்புக்குக் கொண்டுசெல்லும் சிறு துளையைக் கேஸ்கெட் மறைத்திருந்தாலும் இதே விக்கல்தான் வரும்.