ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஜவுளிக்கடையில் 15,000 ரூபாய் சம்பளம். அப்பாவின் அறுவை சிகிச்சைக் கடனுக்கு வட்டி கட்டி, தங்கையைப் படிக்கவைத்து, மிச்சம்பிடித்த 40,000 ரூபாயைத் துபாய் வேலைக்காக ஊர் ஏஜெண்டிடம் கொடுத்தேன். ரசீது தரவில்லை. இன்னும் 80,000 கேட்கிறார். விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். - பரமக்குடி வாசகர்

பதில்: தம்பி, இனி ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை இப்படிப் பறிப்பவர்களை நினைத்தாலே எனக்குக் கொதிக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். ‘பெரிய ஏஜெண்டின் ஆள்’ என்று டீக்கடையில் உட்கார்ந்து பணம் வாங்குபவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. விசிட் விசாவில் போய் வேலை பார்த்தால், சம்பளம் தராதபோது புகார் சொல்லக்கூட உங்கள் கையில் ஒப்பந்தம் இருக்காது. பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் நகலெடுத்துக் காவல் நிலையத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் பெரிய பெட்டி வாங்கி வைக்கலாமா? விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

பதில்: வேண்டாம்.

கேள்வி: நான் செவிலியர். அடுத்த ஆண்டு ஜெர்மனி செல்ல மொழித் தேர்வுக்கும் பயணத்துக்கும் மாதம் 3,000 சேர்க்கிறேன். நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொல்கிறார் அம்மா. - நாகை வாசகி

பதில்: தேர்வுக் கட்டணத்தை நகையாகக் கட்ட முடியாதே, அம்மா. 11 மாதம் கட்டி முடித்ததும் கடைக்காரர் கொடுப்பது நகைதான். நான் அப்படி வாங்கிய சங்கிலியை அவசரத்துக்கு விற்கப் போனபோது, எடை போட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை சொன்னார்கள். நான் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்குங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது, உங்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: வெளிநாடு போனால் உதவும் என்று தவணையில் 60,000 ரூபாய்க்கு போன் வாங்கினேன். நான்கு மாதமாகிறது. வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: நான்கு மாதம் பயன்படுத்திய போனை எந்தக் கடை திரும்ப எடுக்கும்? வாங்கும் முன்பு வீட்டு நினைவு வந்திருக்க வேண்டும். விற்றுக் கடனை அடையுங்கள்.

கேள்வி: சேர்ப்பதெல்லாம் அம்மாவின் மருத்துவமனைச் செலவுக்கே போகிறது. கனடா கனவைக் கைவிடுவதா?

பதில்: கைவிட வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லுங்கள். அடுத்த முறை மருத்துவமனையில் சேர்க்கும்போதே அந்த அட்டையை நீட்டுங்கள்.