புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரத்தில் காற்றை எப்படித் தாங்குகிறது?

உயரம் கூடக் கூட, எடையைவிடக் காற்றுதான் பெரிய தலைவலி. துபாயின் இந்தக் கோபுரத்துக்கு நடுவில், லிஃப்ட்டுகள் ஓடும் அறுகோணக் கான்கிரீட் கூடு இருக்கிறது. முறுக்கலை அது தாங்கும். ஆனால் தனியாக நின்றால் ஒல்லிக் குச்சிதான், வளைந்துவிடும். அதனால் மூன்று பக்கமும் நீளும் சிறகுகளின் கான்கிரீட் சுவர்கள் அதற்கு முட்டுக் கொடுக்கின்றன, குலை தள்ளிய வாழைக்குக் கொடுப்பது மாதிரி. சிறகுகள் மேலே போகப் போகப் படிப்படியாகக் குறுகுவதால் காற்றுச் சுழல்களும் ஒன்று சேர்ந்து ஆட்டுவதில்லை.

எனக்குப் பிடித்தது வேறு: கான்கிரீட்டை 600 மீட்டருக்கும் மேலே பம்பிலேயே ஏற்றினார்கள். கோடையில் ஐஸ் கலந்து, இரவில்தான் ஊற்றினார்கள். பகல் வெயிலில் போட்டால் சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும். அப்புறம், உச்சிவரை கான்கிரீட் இல்லை, மேல்கூம்பு எஃகு.