பவுலிங் பந்தைப் பராமரிக்க வீட்டில் மெஷின் வேண்டுமா, வாளி போதுமா?

கேள்வி: வீடு காட்பாடியில், வேலை பெங்களூரில். அங்கே நண்பர்களோடு டென்பின் பவுலிங் (பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) ஆடுகிறேன், லீக்கிலும் சேர்ந்திருக்கிறேன். வாரத்துக்கு ஆறு ஆட்டம் போல வரும். சொந்தமாக மூன்று பந்துகள்: இரண்டு ரியாக்டிவ் ரெசின், ஒன்று பிளாஸ்டிக். வாங்கிய புதிதில் நன்றாக வளைந்து போன ரெசின் பந்து இப்போது நேராகவே ஓடுகிறது. பந்து எண்ணெய் குடித்துவிட்டது என்கிறார்கள். பந்தைச் சுழற்றிவிட்டுத் தேய்க்கும் ஸ்பின்னர், எண்ணெய் எடுக்கும் சூட்டுப் பெட்டி இரண்டையும் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாமா? நண்பர்களின் பந்துகளையும் காசு வாங்கிக்கொண்டு சுத்தம் செய்து கொடுத்தால் போட்ட பணம் திரும்பிவிடும் என்று ஒரு கணக்கு. சத்துவாச்சாரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவோ, “பழைய கிரைண்டர் மோட்டார் சும்மாதான் கிடக்குது, நானே செஞ்சு தர்றேன்டா” என்கிறார். என்ன செய்யலாம்?

— காட்பாடி வாசகர்

பதில்: சூட்டுப் பெட்டியை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஸ்பின்னரைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். அதற்கும் முன்னால் பிளாஸ்டிக் பந்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அது பாலியெஸ்டர், எண்ணெயை உறிஞ்சாது. ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் வீச்சில் விழாமல் நின்ற கட்டைகளை வீழ்த்த, நேராக வீசுவதற்குத்தானே அதை வைத்திருப்பீர்கள்? ஆடியதும் துணியால் துடைத்தால் போதும். ஆக உங்கள் பிரச்சினை இரண்டு பந்துகளுக்கு மட்டும்தான்.

பந்து உருளும் பாதையான லேன் 60 அடி. அதில் முதல் 40 அடி வரைக்கும், கொஞ்சம் முன்பின்னாக, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். ரியாக்டிவ் ரெசின் பந்தின் மேலோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டு தரையைப் பிடிப்பதால்தான் அது கடைசியில் அப்படி வளைகிறது. உள்ளே போன எண்ணெய் சேரச் சேர அந்தப் பிடிப்பு குறையும். இது ஒரு காரணம்தான். பலர் கவனிக்காத இன்னொன்று, மேற்பரப்பு மழுங்கிப்போவது. புதுப் பந்தில் தொழிற்சாலையிலேயே ஒரு சொரசொரப்பு ஏற்றி அனுப்புவார்கள். லேனில் உருண்டு உருண்டு அது வழவழப்பாகிவிடும். எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டு மேற்பரப்பை அப்படியே விட்டால், பாதி வேலைதான் செய்ததாக ஆகும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, உள்ளே போன பிறகு எடுப்பதைவிடப் போகாமல் தடுப்பது சுலபம். ஆட்டம் முடிந்ததும், பந்து இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே, கிளீனர் தெளித்து மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தித் துடையுங்கள். பையில் போட்டு எடுத்துவந்து மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் எண்ணெய் ஊறிவிடும். பவுலிங் கிளீனர் கிடைக்கவில்லையா? சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இருக்கும் மருந்துக் கடைகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். அதைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே தினசரித் துடைப்புக்கு ஆகும். எளிதில் தீப்பற்றும் திரவம், அதனால் சமையலறைப் பக்கம் வைக்க வேண்டாம்.

தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே கூடாது. பெயின்ட் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். அவை பந்தின் மேலோட்டை இளக்கிவிடும். 1973-இல் டான் மெக்கியூன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து, வேண்டுமென்றே மென்மையாக்கி ஆடினார். அந்த ஒரே வருடத்தில் ஆறு பட்டங்கள் வென்றார். அந்த நாளைய ஊறவைப்புகளுக்குப் பிறகுதான் பந்துக்குக் குறைந்தபட்சக் கடினத்தன்மை என்ற விதியே வந்தது. இன்றைக்கு அப்படிச் செய்தால் பந்து போட்டிக்கே தகுதியில்லாமல் போகும். இன்னொரு விதியும் தெரிந்திருக்கட்டும்: அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 2019 ஆகஸ்ட் 1 முதல், தன் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆட்டம் நடக்கும்போது திரவக் கிளீனர் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று வைத்திருக்கிறது. உலர்ந்த துண்டு மட்டும்தான். உங்கள் லீக் எந்த விதிகளைப் பின்பற்றுகிறது என்று கேட்டுவிட்டு பாட்டிலைக் கையில் எடுங்கள்.

ஏற்கெனவே ஊறிய எண்ணெய்க்கு வாளி போதும். விரல் துளைகளைத் தண்ணீர் புகாத டேப்பால் நன்றாக அடைத்துவிடுங்கள். கெய்சர் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுப் பந்தை முழுக்க மூழ்கவிடுங்கள். சூடு 55 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கட்டும், 60-ஐத் தாண்டவே கூடாது. கை வைத்துப் பார்த்துச் சொல்லும் விஷயமில்லை இது, ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் ஒரே கருவி அதுதான் என்றுகூடச் சொல்வேன். இருபது நிமிடம் கழித்து எடுத்துத் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் மேல் எண்ணெய் மினுக்கம் இருந்தால் புது வெந்நீரில் இன்னொரு தடவை. மினுக்கம் நின்றதும் விட்டுவிடலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும், அதனால் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். அடுப்பில் குண்டானை ஏற்றி அதற்குள் பந்தை இறக்குவது மட்டும் வேண்டாம். அடிப்பாகம் எவ்வளவு சூடாகும் என்பது யார் கையிலும் இல்லை. வெளியே எடுத்ததும் குளிர்ந்த நீர் ஊற்றுவதும் கூடாது. திடீர் வெப்ப மாற்றத்தில் பந்து விரிசல் விடும். உற்பத்தியாளர் வாரன்டி தந்திருந்தால், சூடாக்கிய பந்துக்கு அது செல்லுமா என்று முதலில் படித்துவிடுங்கள்.

சூட்டுப் பெட்டி செய்வதும் இதே வேலைதான், தண்ணீருக்குப் பதில் சூடான காற்று. துளையை அடைக்கும் சிரமம் கிடையாது, நாள் முழுக்கப் பந்து வந்துகொண்டிருக்கும் புரோ ஷாப்புக்கு (பவுலிங் பந்துகளை விற்று, பராமரித்துத் தரும் கடை) வசதி. இரண்டு பந்துக்காரருக்கு அது இடத்தை அடைக்கும் பெட்டி.

இப்போது தேய்ப்பு. இதற்கு அப்ரலான் என்ற, பின்பக்கம் நுரை வைத்த பேட்கள் உண்டு. பின்லாந்தின் மிர்கா நிறுவனத் தயாரிப்பு. 500, 1000, 2000, 4000 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட நயம் கூடும். உங்கள் பந்துக்கு எந்த எண் வரை தேய்த்து அனுப்பினார்கள் என்பதை உற்பத்தியாளரின் விவரப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், அதைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். பந்தை ஒரு கிண்ணத்திலோ சுருட்டிய துண்டின் மேலோ நிறுத்தி, பேடைத் தண்ணீரில் நனைத்து, ஒரே அழுத்தத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பந்தைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும். அடுத்த எண்ணுக்குப் போகுமுன் சேற்றைக் கழுவிவிட வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கார் பெயின்ட்காரர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் ஆகாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஆபத்துக்கு ஆகும். ஆனால் நுரை இல்லாததால் பந்தின் வளைவோடு படியாது. விரல் அழுந்தும் இடத்தில் அதிகமாகத் தேயும். பேட் விலை பெரிதில்லை, தண்ணீரில் அலசி அலசிப் பல தடவை பயன்படுத்தலாம். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஸ்பின்னரால் என்ன லாபம்? நேரமும் சீரும். கையால் ஒரு பந்துக்கு அரை மணி நேரம் ஆகும் வேலையை அது சில நிமிடங்களில் முடிக்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தேர்ந்த ஆட்டக்காரருக்கு அந்தச் சீர் முக்கியம். உங்களுக்கு? 50, 60 ஆட்டத்துக்கு ஒரு முறை மேற்பரப்பைப் புதுப்பிப்பது பொதுவான வழக்கம். வாரம் ஆறு ஆட்டம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 300. இரண்டு பந்துகளுக்கும் பிரித்தால் தலைக்கு 150. ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை, மொத்தம் ஆறு. வருடத்தில் ஆறு தடவை, அதுவும் சில நிமிடங்கள் ஓடப் போகும் மெஷினுக்குச் சில நூறு டாலர், அதன் மேல் கனமான பெட்டிக்கு விமானக் கூலி, சுங்க வரி, ஜி.எஸ்.டி.! எனக்கு மனசு வரவில்லை.

மின்சாரமும் இடிக்கும். அமெரிக்க மோட்டார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்கிவிடலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடேறி ஓடும். எரிந்துபோனால் காயில் கட்ட உள்ளூரில் ஆள் கிடைப்பார், உதிரிபாகத்துக்கு மறுபடி அமெரிக்காதான்.

அதனால் உங்கள் மாமா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஸ்பின்னரில் ரகசியம் ஒன்றுமில்லை: ஒரு மோட்டார், மேலே பந்து உட்காரும் கிண்ணம், சுற்றிலும் தடுப்பு. லேத் தெரிந்தவருக்கு இது கைவந்த வேலை. ஆனால் முழு எடைப் பந்து 16 பவுண்டு, ஏழு கிலோவுக்கும் மேல். கிண்ணம் துளி மையம் தப்பினாலும் சுற்றும் வேகத்தில் பந்து எகிறிக் காலில் விழும். கிண்ணத்தின் உதட்டில் ரப்பர், பந்தின் பாதி உயரத்துக்காவது தடுப்பு, மெதுவாகத் தொடங்கும் வேகம், கை எட்டும் இடத்தில் சுவிட்ச், இத்தனையும் வேண்டும். ஈரத்தில் செய்யும் வேலை என்பதால் எர்த் கட்டாயம், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் மட்டும் சொருகுங்கள். கிரைண்டர் மோட்டாரின் உடலில் எர்த் வயர் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தால், மாமாவே ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நண்பர்களிடம் காசு வாங்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பந்து பெங்களூரில், மெஷின் காட்பாடியில். ஏழு கிலோப் பந்துகளை ரயிலில் தூக்கிக்கொண்டு யார் அலைவது? சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி ‘நுகர்வோர்’ ஆக மாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகக் காசு பார்த்தால், நாளை மெஷின் பழுதாகி நீங்கள் புகார் கொடுக்கும்போது எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுத்துப் போடும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, பெங்களூரில் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்வது வேறு விஷயம். அப்படியானால் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

இப்போதைக்கு வெந்நீரில் ஒரு தடவை, பேடால் ஒரு தடவை. பிறகு அதே லேனில் அந்தப் பந்தை வீசிப் பாருங்கள். வேறு இடத்தில் வீசினால் எண்ணெய் பூசும் முறையே வேறாக இருக்கும், பந்து தேறியதா இல்லையா என்று சொல்ல முடியாது.

கேள்வி: வெந்நீர், மெஷின் எல்லாம் எதற்கு? நம்ம ஊர் வெயிலுக்கு மொட்டை மாடியில் பந்தை வைத்தாலே எண்ணெய் கசிந்துவிடாதா?

— குடியாத்தம் வாசகர்

பதில்: கசியும், பொய்யில்லை. கூடவே பந்தும் போகும். வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் அப்படி இருக்காது. உள்ளே இருக்கும் கருவும் வெளி ஓடும் ஒரே அளவில் விரிவதும் இல்லை. விரல் துளை ஓரத்தில்தான் முதல் விரிசல் தெரியும். மே மாதம் கண்ணாடி ஏற்றிய காரின் டிக்கியில் பந்தை விட்டுவைப்பதும் இதே கதைதான். வீட்டுக்குள், ஜன்னல் வெயில் படாத அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள்.

கேள்வி: இணையக் கடை ஒன்றில் ‘230 வோல்ட்’ என்று போட்டிருந்ததை நம்பி பந்து பாலிஷ் போடும் மெஷின் வாங்கினேன். வந்தது 110 வோல்ட். “இறக்குமதிப் பொருள், ரிட்டர்ன் கிடையாது” என்கிறார்கள்.

— ராணிப்பேட்டை வாசகர்

பதில்: ரிட்டர்ன் கிடையாது என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது இந்த விஷயத்தில் செல்லாது. விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் வருட மின்வணிக விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. விற்பனைப் பக்கத்தை அவர்கள் திருத்துவதற்குள் ‘230 வோல்ட்’ தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மெஷினில் ஒட்டிய தகட்டையும் படம் பிடியுங்கள். பிளக்கில் சொருகிப் பார்க்கவே வேண்டாம், மோட்டார் எரிந்தால் பழி உங்கள் மேல் விழும்.

அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்தே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. உரிமை காகிதத்தில் இருக்கும், பிடிக்க ஆள் இருக்காது. அப்போது கார்டு கொடுத்த வங்கியில் ‘சார்ஜ்பேக்’ (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்பதுதான் வழி, அதற்குக் கெடு குறைவு. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் புகாரில் அவரையும் ஒரு தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.