எறும்பு மருந்து: கேள்வி பதில்

கேள்வி: போரிக் ஆசிட் பொடியைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். நாலைந்து எறும்பு வந்த இடத்தில் இப்போது ஊரே திரண்டு வருகிறது. தப்பாகச் செய்துவிட்டேனா, அண்ணா?

பதில்: இல்லை, சரியாகத்தான் போகிறது. குடித்த எறும்பு திரும்பும்போது தரையில் வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகும். அதைப் பிடித்து மற்றவை வரும். குடித்ததை வயிற்றுக்கு முன்னால் உள்ள பையில் வைத்திருந்து, புற்றில் வாயோடு வாய் வைத்து ஊட்டிவிடும். ராணிக்கும் அப்படித்தான் போய்ச் சேரும். வரிசையைத் துடைக்காதீர்கள்.

கேள்வி: சீக்கிரம் சாகட்டும் என்று பொடியை அள்ளிப் போட்டேன். கிட்டவே வரவில்லை.

பதில்: அளவு கூடினால் வாய் வைக்காது. வைத்தாலும் வழியிலேயே செத்தால் ராணிக்கு என்ன போகும்? 200 மில்லி வெந்நீருக்கு நான்கு டீஸ்பூன் சர்க்கரை, 2 கிராம் போரிக், அதாவது அரை டீஸ்பூன். பஞ்சில் நனைத்து வையுங்கள், காய்ந்தால் மாற்றுங்கள். ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும்.

கேள்வி: மருந்தைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் கோடும் போடலாமா சார்?

பதில்: விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலைப் பூட்டலாமா?

கேள்வி: இனிப்பைச் சீண்டுவதே இல்லை. கருவாட்டில்தான் மொய்க்கிறது.

பதில்: புற்றில் புழுக்கள், அதாவது எறும்புக் குஞ்சுகள், நிறைய இருக்கும்போது புரதம் தேடும். வளர்ந்த எறும்பால் கெட்டியானதை விழுங்க முடியாது, இடுப்பு அவ்வளவு சிறுசு. துணுக்கைத் தூக்கிப்போய்ப் புழுவுக்குத்தான் கொடுக்கும். ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், பக்கத்திலேயே ஒரு பொட்டு அரைத்த வேர்க்கடலை வைத்துப் பாருங்கள். கூட்டம் எதிலோ, மருந்து அதில்.

கேள்வி: ஸ்விட்ச் பெட்டியிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத மஞ்சள் எறும்பு வந்தது. ஸ்ப்ரே அடித்தேன். இப்போது மூன்று அறையிலும் இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாரோ எறும்பு, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரே புற்றில் பல ராணிகள். தொந்தரவு செய்தால் ஒரு கூட்டம் முட்டை, புழுக்களைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். ராணி கூட வராவிட்டாலும் அந்தப் புழுக்களிலிருந்தே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். அதனால் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் மருந்து வையுங்கள். அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டிலும் வைக்க வேண்டும். அவர்களைச் சம்மதிக்க வைக்க என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: தவழும் குழந்தை இருக்கிறது அண்ணா. கேரம் போர்டு பவுடர்தானே, ஆபத்தா?

பதில்: ஆபத்துதான், விழுங்கினால் விஷம். மூடியை டேப் போட்டு ஒட்டிய சின்ன டப்பாவில் எறும்பு நுழையும் அளவுக்குத் துளை போட்டு, பஞ்சை உள்ளே வைத்து, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்புறம், கேரம் பவுடர் என்று விற்பதெல்லாம் போரிக் ஆசிட் அல்ல. லேபிளைப் படித்து வாங்குங்கள்.