கோலாலம்பூர் பால்கனியில் பார்ஸ்னிப் வருமா?

வணக்கம் தம்பி. இங்கிலாந்திலிருந்து வேலை மாறி வந்து கொண்டோவில் பதினான்காவது மாடியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே தோட்டத்தில் போட்ட பார்ஸ்னிப்பை, அதாவது கேரட் மாதிரியான அந்த வெள்ளைக் கிழங்கை, இங்கே வளர்க்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்பது உங்கள் கேள்வி. தொட்டி கிடைத்துவிடும், குளிர்தான் கிடைக்காது.

பார்ஸ்னிப் விதை நன்றாக முளைக்க மண் 10 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இங்கே வருடம் முழுக்கப் பகலில் 32, 33. விடியற்காலையில்கூட 23க்குக் கீழே போவது அரிது. அந்தக் கிழங்கின் இனிப்பே உறைபனியால் வருவது. குளிர் பட்டால்தான் மாவுச்சத்து சர்க்கரையாகும். கேமரன் மலையில்கூட உறைபனி கிடையாது. ஆசைக்கு ஒரே ஒரு தொட்டி போட்டுப் பாருங்கள். இலை நிறைய வரும், வேர் விரல் தடிமன் வந்தால் பெரிது.

தொட்டி 45 செ.மீ. ஆழம் இருக்கட்டும். விதை ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் முளைப்பது சந்தேகம். ஈர டிஷ்யூவில் விதையைப் பரப்பி, மூடி போட்ட டப்பாவில் ஏர்கான் அறையில் வையுங்கள். நான்கைந்து நாளுக்குப் பிறகு தினமும் திறந்து பாருங்கள். வெள்ளை வேர் நுனி அரை செ.மீ. எட்டியதும் ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். அதற்கு மேல் நீளவிட்டால் எடுக்கும்போது நுனி ஒடியும், கிழங்கு கவடு விடும். இலையைத் தொடும்போது கையுறை கட்டாயம். அதன் பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளிக்கும்.

விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். இறக்குமதி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

நல்ல தொட்டிகளை வெள்ளை முள்ளங்கிக்குக் கொடுங்கள் என்பேன். விதைப் பொட்டலத்தில் மலாயில் ‘லோபாக் பூத்தே’ என்று இருக்கும், சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். 35 செ.மீ. ஆழத் தொட்டி போதும். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கோகோபீட்டை இரண்டு முறை அலசிப் பிழியுங்கள், உப்பு போகட்டும். கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் பிளக்கும், இலை மட்டும் கொழுக்கும். நாற்று விட்டுப் பிடுங்கி நடவும் கூடாது. ஒன்றரை செ.மீ. ஆழத்தில் நேரடியாக விதையுங்கள், மூன்று நான்கு நாளில் முளைக்கும். இரண்டாவது வாரம் 10 செ.மீ.க்கு ஒன்று விட்டு மற்றதைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும்.

வெயில் ஆறு மணி நேரம் வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனிக்குக் காலை வெயில் எப்போதும் உண்டு. வடக்குப் பார்த்ததென்றால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் வெயில் உள்ளே வரும், தெற்குக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. திசை பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். இருட்டில் முள்ளங்கி இலையோடு நின்றுவிடும்.

இரண்டு நாள் காயவிட்டு ஒரே நாளில் தண்ணீரைக் கொட்டினால் கிழங்கு நெடுக வெடிக்கும். தினமும் காலையில், அடியில் சொட்டும் வரை ஊற்றுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கவிடவே கூடாது. அங்கேதான் ஏடிஸ் கொசு முட்டையிடும். லார்வா இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டில் குடியிருப்பவருக்கு அபராதம் உண்டு. தட்டை எடுத்துவிட்டுச் செங்கல் மேல் வைப்பது நல்லது. நனைந்த 40 லிட்டர் கலவை ஏறக்குறைய 40 கிலோ இருக்கும், கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றாதீர்கள்.

45ஆம் நாள் முதல் கவனியுங்கள். கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே வெள்ளையாக எழும்பி நிற்கும். அதன் ஓரத்தில் மண்ணை விலக்கி, மூன்று விரல் அகலம் இருந்தால் பிடுங்குங்கள். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டுவைத்தால் உள்ளே பஞ்சாகிவிடும். பிடுங்கியவுடன் இலையை நறுக்கிவிடுங்கள், இலையோடு வைத்தால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அந்தக் கீரையை அன்றைக்கே பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம்.