ஜேசனின் அம்மாவை மறந்தவர்கள்

கேள்வி: 1996-ல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தில் எல்லோரும் திகில் படங்களின் விதிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். தன் இனத்தையே கிண்டல் செய்த படத்தை, ஸ்லாஷர் வகைக்கு (ஒரு கொலையாளி ஒருவர் பின் ஒருவராக வெட்டிச் சாய்க்கும் திகில் படங்களுக்கு) உயிர் கொடுத்த படம் என்று எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

பதில்: கிண்டலா? கிண்டல் வேண்டுமென்றால் 2000-ல் வந்த ‘ஸ்கேரி மூவி’ இருக்கிறது. ‘ஸ்க்ரீம்’ படத்தையே நையாண்டி செய்த படம் அது. அதில் ஓர் இடத்திலாவது பயந்தீர்களா? ‘ஸ்க்ரீம்’ படத்தின் முதல் காட்சியில் பயப்படாமல் இருந்தீர்களா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு அப்புறம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

அந்த முதல் காட்சியைத்தான் பேச வேண்டும். வீட்டில் தனியாக இருக்கிறாள் கேஸி. போனில் முகம் தெரியாத ஒருவன் சினிமா வினாடிவினா நடத்துகிறான். தப்பாகச் சொன்னால், வெளியே கட்டிப்போடப்பட்டிருக்கும் அவளுடைய காதலன் செத்தான். ‘ஃப்ரைடே த தேர்டீன்த்’ படத்தில் கொலையாளி யார்? “ஜேசன்!” என்று கத்துகிறாள். தவறு. இருபது தடவை பார்த்திருக்கிறேன் என்று அழுகிறாள். பார்த்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும்: 1980-ல் வந்த அந்த முதல் படத்தில் கொலை செய்வது ஜேசனின் அம்மா. ஜேசன் கத்தியெடுப்பது இரண்டாம் பாகத்தில்தான்.

இதைத்தான் இந்தப் பக்கத்தில் பல வருடங்களாகச் சொல்லிச் சண்டை போட்டு வருகிறேன். பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவதில்லை. போஸ்டரை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். முதல் படத்திலேயே ஜேசன் ஹாக்கி முகமூடியோடு வருவதாகச் சத்தியம் செய்யும் கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. அந்த முகமூடி 1982-ல், மூன்றாம் பாகத்தில் வந்தது. இரண்டாம் பாகத்தில் அவன் தலையில் இருந்தது ஒரு சாக்குப்பை! கேஸியின் தப்பு அந்த வாசகர்களின் தப்புதான். திரைக்கதை எழுதிய கெவின் வில்லியம்சன் அதைத் துல்லியமாகக் குறி பார்த்து அடித்திருக்கிறார்.

எண்பதுகளின் ஸ்லாஷர் படங்களில் செத்தவர்கள் வாழ்க்கையில் ஒரு திகில் படம்கூடப் பார்த்திராதவர்கள். இருட்டு அறைக்குள் தனியாகப் போவார்கள். நாம் அவர்களைவிட ஒரு படி மேலே உட்கார்ந்து, இவன் அடுத்து என்று சிரித்தோம். சிரிப்பு கூடக்கூடப் பயம் செத்துவிட்டது. வில்லியம்சனும் இயக்குநர் வெஸ் கிரேவனும் நமக்குத் தெரிந்ததையெல்லாம் பாத்திரங்களுக்கும் கொடுத்தார்கள். அதோடு நம்முடைய அந்த மேல்படி போய்விட்டது. நம்மைவிட அதிகம் படம் பார்த்தவனே மாட்டிக்கொள்ளும்போது நமக்கு என்ன பாதுகாப்பு?

ராண்டி என்கிற பையனைப் பாருங்கள். விதிகளை வகுப்பெடுப்பவன் அவன். சோபாவில் கிடந்தபடி டிவியில் ‘ஹாலோவீன்’ என்ற பழைய ஸ்லாஷர் படத்தைப் பார்த்துக்கொண்டு, “ஜேமி, பின்னால் பார்!” என்று அதன் நாயகி ஜேமி லீ கர்டிஸைப் பார்த்துக் கத்துகிறான். அவன் பின்னாலேயே முகமூடிக்காரன் நிற்கிறான். வெளியே வேனில் இருக்கும் கேமராமேன் அதை மானிட்டரில் பார்த்து அதே வார்த்தையைக் கத்துகிறான். ஆனால் அந்த ஒளிபரப்பு 30 விநாடி தாமதம். இதை எழுதியவன் திகில் படத்தைக் காதலித்தவன், ஐயா. கேலி செய்கிறவனுக்கு இவ்வளவு பொறுமை வராது.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. போனில் வரும் அந்தக் குரல் ரோஜர் எல். ஜாக்சன் என்ற நடிகருடையது. படப்பிடிப்பில் அவரை நடிகர்களின் கண்ணில் படாமல் வைத்து, நிஜமாகவே போனில் பேச விட்டார் கிரேவன். கேஸியாக நடித்த ட்ரூ பேரிமோர் அழுதது காதில் கேட்ட ஒரு குரலுக்கு. உதவி இயக்குநர் தட்டையாக வசனம் படிக்க, நடிகர் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடுங்குவது வேறு. அந்த வித்தியாசம் திரையில் தெரியும். பின்னால் வந்த நகல்கள் விதிகளைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொண்டு இந்தக் குரலை விட்டுவிட்டன. விமர்சகர்களும் ஒலியைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. அது என் தீராத கோபம்.

முகமூடிக்குப் பின்னால் யார் என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் ஆனாலும் சொல்லமாட்டேன். கடைசிவரை பாருங்கள்.